குழந்தையின் இளைப்பு வீட்டில் எங்கிருந்து வருகிறது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

குழந்தைக்கு ஆஸ்துமா என்று மருத்துவர் சொல்லிவிட்டால், வீட்டில் முதலில் விழும் தடை பெரும்பாலும் சாப்பாட்டின் மேல்தான். வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, ஓடி ஆடக் கூடாது என்று பட்டியல் நீளும். வசதியுள்ள வீடுகளில் காற்றைச் சுத்திகரிக்கும் கருவி ஒன்றும் கூடத்துக்கு வந்துசேரும். ஆனால் குழந்தை தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம் முகம் புதைத்துப் படுக்கும் தலையணையும், கட்டிலுக்கு அடியில் புகைந்துகொண்டிருக்கும் கொசுவர்த்தியும் யார் கண்ணிலும் படுவதில்லை. இளைப்பு எந்த நேரத்தில், எந்த இடத்தில் வருகிறது என்பதைக் கவனித்தால் காரணத்தை நெருங்கிவிடலாம். கீழே உள்ள வழிமுறை அந்த வரிசையில்தான் அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளை, குறிப்பாகச் சென்னை போன்ற கடலோர ஊர்களின் வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

தேடத் தொடங்கும் முன்

பேசும்போது ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாமல் குழந்தை மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கு இடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளிழுத்தாலோ, மூக்குத் துவாரங்கள் விரிந்து சுருங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இழுப்பை உடனே தணிக்கும் நிவாரண இன்ஹேலர் கொடுத்தும் அடங்காமல் குழந்தை சோர்ந்து தூங்கி வழிந்தாலோ, அது காரணம் தேடுவதற்கான நேரம் அல்ல. 108க்கு அழையுங்கள் அல்லது உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலும் குழந்தையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, மருத்துவர் எழுதித் தந்த அளவில் நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வழியாகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். இழுப்புச் சத்தம் திடீரென்று நின்றுபோய்க் குழந்தை இன்னும் திணறினால், அது சரியாகிவிட்டதன் அடையாளம் அல்ல. காற்றே சரியாக உள்ளே போகவில்லை என்று பொருள்.

எல்லா இழுப்பும் ஆஸ்துமா அல்ல. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த சிறு குழந்தைக்கு வேர்க்கடலையோ பொரியோ சாப்பிடும்போது திடீரென்று இருமலும் விசில் சத்தமும் தொடங்கினால், அது மூச்சுக்குழாயில் சிக்கியிருக்க வாய்ப்பு உண்டு. காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை தேவை. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளில் சளி பிடித்தால் மட்டும் வரும் இழுப்பு, வளர வளரத் தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு. எனவே வீட்டைப் புரட்டிப் போடுவதற்கு முன் நோய் எது என்பது உறுதியாக வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தினமும் எடுக்கச் சொல்லி மருத்துவர் தந்திருக்கும் தடுப்பு இன்ஹேலரை, வீட்டைச் சுத்தம் செய்துவிட்டோம் என்ற தைரியத்தில் நிறுத்திவிடக் கூடாது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நிலைத்திருக்கும் அழற்சியைக் குறைப்பது அந்த மருந்துதான். வீட்டுச் சீர்திருத்தம் அதற்குத் துணை நிற்கும். அதன் இடத்தைப் பிடிக்காது.

ஒரு நோட்டும் மூன்று கேள்விகளும்

இரண்டு வாரத்துக்கு, இருமலோ இழுப்போ வரும் ஒவ்வொரு முறையும் மணி என்ன, குழந்தை எந்த அறையில் இருந்தது, அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது என்று மூன்று விவரங்களை எழுதி வையுங்கள். "நேற்று ராத்திரி ரொம்ப இருமினான்" என்பதைவிட, "மூன்றரை மணி, உள்ளறை, பழைய ரஜாயை எடுத்துப் போர்த்திய முதல் இரவு" என்ற குறிப்பு நூறு மடங்கு பயன்படும்.

தூண்டும் பொருட்களில் இரண்டு வகை உண்டு. புகை, பெயின்ட் வாடை, ஆசிட் நெடி போன்றவை யாருடைய மூச்சுக்குழாயையும் எரிச்சலூட்டுபவை. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அவை சில நிமிடங்களிலேயே வேலையைக் காட்டிவிடும். தூசிப் பூச்சி, கரப்பான், பூஞ்சை, பூனை ஆகியவற்றின் கழிவுகளும் துகள்களும் ஒவ்வாமைப் பொருட்கள். அவை ஒத்துக்கொள்ளாத குழந்தையை மட்டுமே பாதிக்கும். உடனே ஒரு முறை இருமல் வந்து அடங்கி, சில மணி நேரம் கழித்து மறுபடி இறுக்கம் ஏற்படுவது இவ்வகையில் சகஜம். அதனால் இரவு வரும் இழுப்புக்கு மாலையில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படுத்த சிறிது நேரத்தில் தும்மல், விடியற்காலையில் இருமல்

முதல் சந்தேகம் படுக்கையின் மேல் விழ வேண்டும். தூசிப் பூச்சி எனப்படும் உயிரி கண்ணுக்குத் தெரியாதது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அது கடிக்காது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிள்களைத் தின்று, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வாழும். அதன் எச்சத்தில் உள்ள புரதம்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது.

வெளிநாட்டுக் கையேடுகள் தரும் முதல் அறிவுரை, வீட்டின் ஈரப்பதத்தை ஐம்பது சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்பதும், கம்பள விரிப்பை அகற்றுங்கள் என்பதும்தான். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அதற்கு மேலேதான் இருக்கும். நம் தரையோ பெரும்பாலும் மொசைக் அல்லது டைல்ஸ். ஆகவே அந்த அறிவுரையில் நமக்கு எஞ்சுவது படுக்கை ஒன்றே. அங்குதான் முழுக் கவனமும் வேண்டும்.

நம் வீட்டு இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். உறையைக் கழற்றினால் உள் துணியில் மஞ்சளாகத் தலை எண்ணெய்க் கறை, தையல் ஓரத்தில் சாம்பல் நிறத் தூசி, ஒரு தட்டு தட்டினால் வெயில் கீற்றில் மிதக்கும் பொடி. பஞ்சு பழசாகித் தூளாகி, தையல் வழியே கசிகிறது. மெத்தையும் அப்படியே, ஊரிலிருந்து வந்த பாட்டி காலத்து மெத்தை என்று பாசத்தோடு வைத்திருப்பார்கள், ஆனால் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அதைவிடக் கோரைப்பாயின் மேல் விரித்த இரண்டு பருத்திப் போர்வைகள் நல்லது. பாயை உதறலாம், ஈரத்துணியால் துடைக்கலாம், போர்வையைத் துவைக்கலாம்; மெத்தையில் இந்த மூன்றும் நடவாது.

மெத்தை வேண்டும் என்றால் செய்ய வேண்டியவை இவை. மெத்தையையும் தலையணையையும் முழுவதுமாக மூடும், ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறைக்குள் போட வேண்டும். அந்த உறை கட்டுப்படியாகாவிட்டால் ரெக்சின் உறை போட்டு அதன் மேல் பருத்தி விரிப்பை விரிக்கலாம். வேர்க்கும் என்பது குறைதான். விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒரு முறை சூடான நீரில் துவைக்க வேண்டும். பூச்சி சாக 55 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பம் தேவைப்படுகிறது. குழாய்த் தண்ணீரில் துவைத்தால் எச்சம் பெருமளவு கரைந்து போகும், பூச்சி சாகாது. சூடாக்கும் வசதி இல்லாத துவைக்கும் இயந்திரம் என்றால், பெரிய வாளியில் விரிப்பைப் போட்டு அது மூழ்கும்படி கொதிநீர் ஊற்றி, அரை மணி ஊறவிட்டு, பிறகு இயந்திரத்தில் போடலாம். குழந்தை அந்தப் பக்கம் வராமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொட்டை மாடியில் வெயிலில் போடுவது நல்ல பழக்கம்; ஆனால் தடித்த மெத்தையின் உள்ளே வெயில் ஏறாது, செத்த பூச்சியின் எச்சமும் அங்கேயேதான் இருக்கும். இருபுறமும் காயவைத்து, மாடியிலேயே நன்றாகத் தட்டி உதறிவிட்டுக் கீழே கொண்டுவர வேண்டும். தட்டும் வேலையைக் குழந்தையிடம் விளையாட்டாகக் கொடுத்துவிடாதீர்கள்.

கட்டிலில் குவிந்திருக்கும் பஞ்சுப் பொம்மைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அகற்றலாம். அந்த ஒன்றையும் பாலித்தீன் பையில் கட்டி ஃபிரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்து, பிறகு துவைத்துக் கொடுத்தால் போதும். கட்டிலுக்கு நேர் மேலே சுற்றும் மின்விசிறியின் இறக்கை ஓரத்தில் திரண்டிருக்கும் கறுப்புப் படலத்தையும் பாருங்கள். பழைய தலையணை உறை ஒன்றை ஈரமாக்கி இறக்கையின் மேல் மாட்டி இழுத்தால், தூசி படுக்கையில் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழுந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஆஸ்துமா இயல்பாகவே பின்னிரவில் அதிகமாகும் நோய். படுக்கையில் எந்தக் குறையும் இல்லாமலே விடியற்காலையில் இருமல் வந்தால், நோய் மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்பதற்கு அதுவே அடையாளமாக இருக்கலாம். இரவு நேரம் கழித்துச் சாப்பிட்டு உடனே படுத்து, வயிற்று அமிலம் மேலேறுவதும் இதே நேரத்தில்தான் தொல்லை தரும்.

மாலை விளக்கேற்றும் நேரத்துக்குப் பின் இழுப்பு

சன்னல்களைச் சாத்தி, சாமி விளக்கேற்றி, ஊதுபத்தி கொளுத்தி, கொசுவர்த்திச் சுருளைப் பற்ற வைக்கும் நேரம் அது. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்து முடியும்போது வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களை வைத்துச் செய்யப்பட்ட அளவீடு அது. நம் ஊரில் பத்துக்குப் பத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையின் தலைமாட்டில் அதை ஏற்றி வைக்கிறோம்.

ஆனால் சுருளை நிறுத்துங்கள் என்று சொல்லி விட்டுவிட முடியாது. மழைக்காலத்தில் டெங்கு இருக்கிறது. கொசுவைத் தடுக்க வேறு வழி செய்து கொடுத்த பிறகுதான் சுருளை நிறுத்தச் சொல்ல வேண்டும். சன்னலுக்குக் கொசுவலை அடிப்பதும், படுக்கைக்கு மேல் வலை கட்டுவதும் புகையில்லாத வழிகள். படுக்கை வலையை மாதம் ஒரு முறையாவது துவைக்காவிட்டால் அதுவே தூசி மடியாகிவிடும். மின்சாரத்தில் மாட்டும் திரவக் கொசுவிரட்டியில் புகை இல்லை என்பது உண்மை. இருந்தாலும் சில குழந்தைகளுக்கு அதன் வாடையே இருமலைக் கிளப்பும். குழந்தை படுக்க வருவதற்கு முன்பே போட்டு எடுத்துவிட்டுப் பார்க்கலாம். தேங்காய்நார், வேப்பிலை மூட்டம் இயற்கையானது, அதனால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மூச்சுக்குழாய்க்கு எல்லாப் புகையும் புகைதான்.

சாம்பிராணியைப் பற்றிச் சொன்னால் வீட்டுப் பெரியவர்களுக்கு வருத்தம் வரும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி காட்டுவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். ஈரம் உலர வேண்டும், சளி பிடிக்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அந்த வேலையைப் பருத்தித் துண்டு செய்துவிடும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விட மனமில்லையென்றால், குழந்தை வீட்டில் இல்லாத நேரத்தில், எல்லாச் சன்னலையும் திறந்து வைத்துக் காட்டிவிட்டு, புகை முழுவதும் அடங்கிய பிறகு குழந்தையை உள்ளே வரச் சொல்லலாம். பூசையறை குழந்தை படுக்கும் அறையிலேயே ஓர் அலமாரியாக இருக்கும் வீடுகளில், எண்ணெய் விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஊதுபத்தியையும் கற்பூரத்தையும் வாசலுக்கோ பால்கனிக்கோ மாற்றிவிடலாம். சாமிக்கு அதனால் குறை வராது என்று பாட்டியிடம் மருத்துவரைக் கொண்டே சொல்ல வைப்பது பல வீடுகளில் பலித்திருக்கிறது.

அடுப்பு பற்றும் நேரத்தில் இருமல்

மிளகாய் வறுக்கும் நெடியும், தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையும் வெளிப்படையானவை. எரிவாயு அடுப்பின் நீலச் சுடரிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வருவது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸாஸ்ட் ஃபேனை நெடி ஏறிய பிறகு போடுவது பெரும்பாலோர் வழக்கம். அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே போட்டு, அணைத்த பின் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். அதன் இறக்கையில் எண்ணெய்ப் பிசுக்கு உறைந்திருந்தால் காற்று பாதிகூட வெளியே போகாது. ஒரு காகிதத் துண்டை அருகில் காட்டிப் பாருங்கள். அது ஃபேனை நோக்கி இழுபடாவிட்டால் கழுவும் நேரம் வந்துவிட்டது. சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுப்பதைக் குழந்தை பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

விறகடுப்பு இன்னும் எரியும் வீடுகளில் மற்ற எந்தச் சீர்திருத்தத்தையும்விட முதலில் செய்ய வேண்டியது அதை மாற்றுவது. சமையலுக்குக் காஸ் வந்த பிறகும் குளிக்க வெந்நீர் போட மட்டும் கொல்லையில் சுள்ளி எரிப்பது கிராமத்திலும் சிற்றூர்களிலும் தொடர்கிறது; அந்தப் புகை காற்று வீசும் திசையைப் பொறுத்துப் படுக்கையறைக்குள் வரும். நோட்டில் காலை ஆறு, ஏழு மணிக் குறிப்புகள் அதிகமாக இருந்தால் இதைப் பாருங்கள்.

மழைக்காலத்தில் மட்டும், அதுவும் ஓர் அறையில் மட்டும்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், அதைத் தொடர்ந்து சில வாரங்களும் இழுப்பு கூடி, கோடையில் மறைந்தால் பூஞ்சையைத் தேட வேண்டும். அது நடுச்சுவரில் இராது. பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்தளத்துக் குளியலறைக்குக் கீழே உள்ள மூலை, சன்னல் சிலாபுக்கு அடிப்பக்கம், பரணில் அட்டைப் பெட்டிகள் சுவரோடு ஒட்டியிருக்கும் இடம், ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் வடிந்து சேரும் தட்டு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். பீரோவைத் திறந்ததும் பழைய துணி வாடை வந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிறது என்றே கொள்ளலாம்.

ஓதம் ஏறிய சுவரில் புதிய பெயின்ட் அடிப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். இரண்டு மாதத்தில் பெயின்ட் உப்பி உதிரும், பூஞ்சை மறுபடி வரும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து மாடித் தள வெடிப்பையோ குழாய்க் கசிவையோ அடைக்க வேண்டும். சுவர் காய வேண்டும். அதன்பின் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். காய்ந்த பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் சுரண்டினால் அதன் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். வாடகை வீட்டில் உரிமையாளர் மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், அதுவரை குழந்தையை வேறு அறையில் படுக்க வைப்பதே நடைமுறையில் முடிந்த காரியம். ஈரத் துணிகளைப் படுக்கையறைக் கொடியில் காயப்போடுவதும் இந்த மாதங்களில் நிற்க வேண்டும். இடமே இல்லையென்றால் கூடத்தில், ஃபேனுக்குக் கீழே காயட்டும்.

சுத்தமான வீடுதான், ஆனாலும் ஆண்டு முழுவதும் இரைப்பு

இங்கேதான் கரப்பான் ஒளிந்திருக்கிறது. அதன் எச்சம், எச்சில், உதிர்ந்த தோல் எல்லாமே ஒவ்வாமைப் பொருட்கள். அமெரிக்க நகரங்களின் நெருக்கமான குடியிருப்புகளில் வசித்த ஆஸ்துமாக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வில், கரப்பான் ஒவ்வாமையும் இருந்து படுக்கையறையில் அதன் துகளும் மிகுந்திருந்த குழந்தைகள், மற்றவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது தெரிந்தது. நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குழாய்த் தடங்களை நினைத்துப் பார்த்தால் அந்த முடிவை வேறு நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

இரவு பதினொரு மணிக்குச் சமையலறை விளக்கைத் திடீரென்று போட்டுப் பாருங்கள். காஸ் சிலிண்டருக்குப் பின்னால், மிக்ஸியின் அடிப்பகுதியில், சிங்க்குக்குக் கீழ் உள்ள அலமாரிக் கீலில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான் எச்சம். மருந்து அடிக்கும் ஸ்பிரே, அடித்த நிமிடத்திலேயே குழந்தையின் மூச்சை இறுக்கக்கூடியது. அதற்குப் பதில் கரப்பான் ஜெல்லைக் கீல்களிலும் விரிசல்களிலும் புள்ளியாக வைக்கலாம். தரையில் கோடு போடும் மருந்துச் சாக்பீஸும் போரிக் பவுடரும் தவழும் குழந்தையின் கைக்கு எட்டுபவை, தவிர்ப்பதே நல்லது. ஜெல் வைத்துவிட்டு இரவில் எச்சில் பாத்திரத்தை ஊறப்போட்டால் பயனில்லை. பாத்திரம் கழுவி, சிங்க்கைத் துடைத்து உலர்த்தி, குப்பைக் கூடையை வெளியே வைத்து, சாக்கடை வாய்க்கு ஜாலி மூடி போட வேண்டும். கரப்பான் ஒழிந்த பிறகும் அதன் துகள் மாதக்கணக்கில் தங்கும் என்பதால், அலமாரிகளைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவித் துடைத்த பிறகே பலன் தெரியும்.

வீட்டைச் சுத்தம் செய்த அன்றே இழுப்பு

பொங்கலுக்கு ஒட்டடை அடித்த மறுநாள் மருத்துவமனைக்கு ஓடுவது புதிதல்ல. பரணில் ஓராண்டாகப் படிந்திருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் காற்றில் ஏறுகிறது. ஒட்டடை அடிக்கும் நாளில் குழந்தை வேறு வீட்டில் இருக்கட்டும்; தினசரி பெருக்கும்போதும் அறைக்கு வெளியே இருந்து, முடிந்து அரை மணி நேரம் கழித்து வரட்டும். உலர்ந்த துடைப்பத்தைவிட ஈரத்துணி மேல். புதிதாக வாங்கிய பூந்துடைப்பம் முதல் சில நாட்கள் பூத்தூளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். வாசலில் நன்றாக உதறி, தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகு உள்ளே எடுத்து வரவும்.

கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்த்து ஊற்றக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்; அது ஆஸ்துமா இல்லாதவரையே மூச்சுத் திணற வைக்கும். தினசரித் தரைக்குச் சோப்புத் தண்ணீர் போதும், பினாயில் வாடைதான் சுத்தத்துக்கு அடையாளம் என்பது பழக்கதோஷம். துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டை, அறை மணமூட்டி, முகம் வெளுக்கும்படி அப்பும் டால்கம் பவுடர் ஆகியவற்றையும் இதே கணக்கில் சேர்க்கலாம். பெயின்ட் அடித்தால் வாடை முற்றிலும் போகும்வரை குழந்தை அந்த அறையில் படுக்கக் கூடாது.

ஒருவர் வீட்டுக்கு வந்த பிறகு

நோட்டில் இரவு எட்டரை, ஒன்பது மணி என்று திரும்பத் திரும்ப வந்தால், வீட்டில் யார் அந்த நேரத்துக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். மாடியில் நின்று சிகரெட்டோ பீடியோ குடித்துவிட்டு வருபவரின் சட்டையிலும் தலைமுடியிலும் மூச்சிலும் புகை தங்கியிருக்கிறது. சன்னலோரம் நின்று குடிப்பதும், ஃபேன் போட்டுக்கொண்டு குடிப்பதும் குழந்தையைக் காப்பாற்றாது. முழுவதுமாக விடுவதுதான் தீர்வு. அதுவரை வெளியிலேயே குடித்து, கை, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு குழந்தையைத் தூக்கலாம்; இது பாதிப் பாதுகாப்புத்தான்.

ஏசி போட்டால், பூனை வந்தால், பண்டிகை வந்தால்

ஏசியின் குளிரைப் பழிப்பதற்கு முன் அதன் வலைத் தடுப்பைக் கழற்றிப் பாருங்கள். பயன்படுத்தும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதைக் கழுவ வேண்டும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் ஈரத்தைக் கூட்டும், அதன் பாயில் பூஞ்சையும் வளரும். கடலோர ஊரில் ஆஸ்துமா வீட்டுக்கு அது வேண்டாம்.

பூனை, நாய் இரண்டிலும் தொல்லை முடியில் இல்லை; எச்சிலிலும் தோல் பொடுகிலும் உள்ள புரதத்தில் இருக்கிறது. பூனையைக் கொடுத்துவிட முடிவெடுத்தால்கூட, அதன் துகள் வீட்டிலிருந்து நீங்க நான்கைந்து மாதம் ஆகலாம் என்பதால், ஒரு வாரத்தில் பலன் இல்லையே என்று சோர்ந்துபோக வேண்டாம். ஒவ்வாமைப் பரிசோதனை செய்யாமல் அவசரப்பட்டுக் குழந்தையிடமிருந்து பிராணியைப் பிரிக்கவும் வேண்டாம்.

தீபாவளிப் பட்டாசும் போகிப் புகையும் நம் வீட்டுக்குள் உண்டாவதில்லை, ஆனால் நாள் முன்பே தெரிந்தவை. வெடிக்கும் மணிகளில் சன்னல்களைச் சாத்தி, காற்று தெளிந்த பின் திறந்துவிடலாம். அந்த வாரத்துக்கு மருந்தில் மாற்றம் தேவையா என்று மருத்துவரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் செய்தும் குறையவில்லை

மெத்தை உறையை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இதுவரை நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் தனித்தனி நடவடிக்கைகள் பெரிதாகப் பலன் தரவில்லை. ஆனால் ஏழு அமெரிக்க நகரங்களில் 937 குழந்தைகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு குழந்தைக்கும் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டு, அதற்கேற்பப் படுக்கை, கரப்பான், புகை என்று பல முனைகளில் ஒரே சமயத்தில் வேலை செய்தபோது இழுப்பு வரும் நாட்கள் குறைந்தன. அடுத்த ஆண்டும் அந்தப் பலன் நீடித்தது. கை நிறையப் பணம் இல்லாத வீட்டில், குழந்தை படுக்கும் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வது, வீடு முழுக்க அரைகுறையாகச் செய்வதைவிடச் சிறந்தது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதாக இருந்தாலும் அந்த அறையில் வைக்க வேண்டும், கூடத்தில் அல்ல.

அதன் பிறகும் மாற்றமில்லை என்றால், சளிக் காய்ச்சலை நினைவில் கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு வரும் பெரும்பாலான திடீர் இழுப்புகளுக்குக் காரணம் சாதாரணச் சளி வைரஸ்தான். அதைத் துடைப்பத்தால் விரட்ட முடியாது. ஓடினால் இருமல் வருகிறது என்று விளையாட்டை நிறுத்துவதும் தவறு. நோய் கட்டுக்குள் இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. உணவைப் பொறுத்தவரை, ஒரு பொருளைச் சாப்பிட்டால் ஒவ்வொரு முறையும் தடிப்போ வாந்தியோ இழுப்போ வந்தால் மட்டுமே சந்தேகிக்க வேண்டும். அப்படியில்லாமல் வாழைப்பழத்தையும் தயிரையும் நிறுத்தினால் குழந்தைதான் மெலியும். மாத்திரைகளில் ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் சிலருக்கு இழுப்பை உண்டாக்கும் என்பதையும் கடையில் தானாக மருந்து வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக இன்ஹேலர் எடுக்கும் முறை. ஸ்பேசர் இல்லாமல் நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். ஸ்பேசரில் ஒரு முறை அழுத்தி, குழந்தை ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு விட்ட பிறகே அடுத்த முறை அழுத்த வேண்டும். தடுப்பு மருந்துக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும். இன்ஹேலர் பழகிவிடும், அடிமையாக்கிவிடும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு யாராவது வேளையைத் தவிர்க்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நோட்டையும், இன்ஹேலரையும், ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோய், அவர் முன்னாலேயே குழந்தையை ஒரு முறை எடுக்கச் சொல்லிக் காட்டுங்கள்.